குருவானவர் இல்லாத இருநூறு ஆண்டுகள்

சென்ற தவக்காலத்தில் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது ஒரு குடும்பத் தலைவரிடம், "வீட்டில் மாலைச் செபம் உண்டா?" என்று வினவினேன். "பிள்ளைகள் ஞாயிறுதோறும் மறைக்கல்விக்கு வருகிறார்களே, சாமி. அங்கே கன்னியர் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது போதாதா?" என்றார் அவர். அவர் சொல்லில் கள்ளமில்லை. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அதற்கு மறுமொழியாக, ஜப்பான் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

நமது முத்துக்குளித்துறையில் 1542ஆம் ஆண்டு முதல் உழைத்த அதே புனித சவேரியார்தாம், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானில் காலடி வைத்தார். அவர் விதைத்த வித்து விரைவில் தழைத்தது. ஆனால் 1597இல் நாகசாகிக் குன்றில் 26 வேதசாட்சிகள் சிலுவையில் அறையுண்டனர். 1614இல் நாடெங்கும் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டது. 1644இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார். அதன்பின் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, கோயிலும் இல்லை. விசுவாசம் அழிந்துவிட்டதென்றே உலகம் எண்ணியது.

ஆனால் அது நாகசாகியைச் சுற்றியிருந்த உழவர், மீனவர் இல்லங்களில் உயிரோடிருந்தது. அவர்கள் தங்களுக்குள் எளிய ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டனர். ஒருவர் திருநாட்களின் நாட்காட்டியைக் காத்தார். ஒருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மற்றொருவர் வீடுவீடாகச் சென்று திருநாட்களை அறிவித்தார். பெற்றோர் பிள்ளைகளுக்குச் செபங்களை வாய்மொழியாகவே கற்பித்தனர். தலைமுறைகள் கடந்தபோது அச்செபங்களிலிருந்த இலத்தீன் சொற்கள் உருமாறின. பலருக்குப் பொருளும் மறந்தது. ஆனால் முழந்தாளிடும் வழக்கம் மட்டும் மறையவில்லை.

அவர்கள் எல்லாரும் வேதசாட்சிகளாக மரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதிகாரிகள் ஆண்டுதோறும் கிறிஸ்துவின் அல்லது மரியன்னையின் உருவத்தைக் காலால் மிதிக்குமாறு கட்டளையிட்டனர். பலர் அச்சத்தால் மிதித்தனர். ஆனால் வீடு திரும்பியதும் உத்தம மனஸ்தாப செபத்தைச் சொல்லிக் கண்ணீர் வடித்தனர். இச்செபத்தை விளக்கும் சிறு நூலொன்று அவர்களிடையே கைப்பிரதிகளாக வழங்கிவந்தது. தந்தை தவறியதைக் கண்ட பிள்ளைகள், அவர் மனம் வருந்தி மன்னிப்பு வேண்டியதையும் கண்டனர். குறையற்ற பெற்றோரால் அன்று, மனந்திரும்பத் தெரிந்த பெற்றோரால் அந்த விசுவாசம் காக்கப்பட்டது.

பின்னர் வெளிநாட்டவரின் ஆன்ம நலனுக்காக நாகசாகியில் ஓர் ஆலயம் எழுந்தது. 1865 மார்ச் 17ஆம் நாள் ஏறக்குறைய 15 பேர் அதன் வாயிலில் வந்து நின்றனர். பாரிஸ் வேதபோதக சபையைச் சார்ந்த பெட்டிஜான் அடிகளார் அவர்களை உள்ளே அழைத்துச் சென்று முழந்தாளிட்டார். ஒரு பெண்மணி அவரை அணுகி, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என மெல்லிய குரலில் தெரிவித்து, சாந்தா மரியாவின் திருவுருவம் எங்கே என்று கேட்டார். தாங்கள் அப்போது துக்க காலத்தை அனுசரித்து வருவதாகவும் அவர்கள் கூறினர். அன்று தவக்காலத்தின் 17ஆம் நாள்! குருவானவர் ஒருவரும் இன்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களுடைய நாட்காட்டி பிசகவில்லை.

சோதனை அத்துடன் முடியவில்லை. அவர்களுள் 3,000க்கும் மேற்பட்டோர் சொந்த ஊரிலிருந்து நாட்டின் பிற பகுதிகளுக்குக் கடத்தப்பட்டனர். அறுநூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். 1873இல்தான் தடை நீங்கியது.

அன்பார்ந்த பெற்றோரே! நமக்குக் கோயில் உண்டு, குருவானவர் உண்டு, மறைக்கல்வியும் உண்டு. அந்த மக்களுக்கு இவை ஒன்றுமே இல்லை. அவர்களிடம் இருந்தது வீடு ஒன்றுதான், அதுவே போதுமாயிருந்தது. நம்மிடம் எல்லாம் இருந்தும் வீட்டில் செபம் இல்லையெனில், மறைக்கல்வியில் கேட்டதைப் பிள்ளை எங்கே கண்ணால் காணும்?

இன்றிரவு தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பத்து நிமிடம் ஒதுக்கிவையுங்கள். தந்தை முதலில் முழந்தாளிடட்டும். பகலில் கோபத்தில் சுடுசொல் பேசியிருந்தால், பிள்ளைகள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கட்டும். பிறகு செபமாலையில் ஒரு பத்து மணியாவது எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்.

என்னைக் கேட்ட அந்தக் குடும்பத் தலைவருக்கும் இதுவே என் மறுமொழி. நாங்கள் கற்றுத் தரலாம். வாழ்ந்து காட்ட வேண்டியவர் நீங்களே.