உலரும் வர்ணமும் உறையும் வர்ணமும்

சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் நீரிணையின் மேல் 1924-ல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூர் நாணயத்தின் மதிப்பு தங்களுக்கு அநுகூலமாயிருக்கும் காரணத்தால் வார இறுதிதோறும் ஜொகூர் பாருவுக்கு வருகிற பெண்மணிகள், சாப்பாட்டுக்கும் சாமான் வாங்குவதற்கும் அடுத்தபடியாக நாடிச் செல்லும் இடங்களுள் நகங்களுக்கு வர்ணம் தீட்டும் நிலையங்களும் சேர்ந்துவிட்டன. அந்நிலையங்களின் விலைப்பட்டியலில் ஜெல்லுக்கே முதலிடம். ‘கிளாசிக்’ என்று வழங்கும் பழைய புட்டிப் பூச்சு பல கடைகளில் கடைசி வரிக்கு ஒதுங்கியிருக்கிறது. சில கடைகளில் அந்த வரியையும் நீக்கிவிட்டார்கள். ஒரே நாற்காலியில் ஒரே வாடிக்கையாளரிடம் ஜெல்லுக்கு அதிகக் கட்டணம் பெற முடியும் என்னும்போது, குறைந்த வருமானம் தரும் பூச்சை எதற்காக வைத்திருக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்பது நியாயமே. வைத்திருக்கத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணம் இவ்விரு வஸ்துக்களின் ரசாயன சுபாவத்திலேயே அடங்கியிருக்கிறது.

பழைய பூச்சுக்கு ஆதாரமானது நைட்ரோசெல்லுலோஸ். பருத்தி நாரை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் பக்குவப்படுத்திப் பெறுகிற இப்பொருளை, 1846-ல் பாஸல் நகரத்துப் பேராசிரியர் ஷோன்பைன் உலகுக்கு அறிவித்தார். வெடிமருந்தாகவும், ஆரம்பகாலச் சினிமாச் சுருளாகவும், பிறகு மோட்டார் வண்டிகளின் மெருகாகவும் பயன்பட்ட அதே பொருள், ரெவ்லான் கம்பெனி நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 1932-க்குள் பெண்களின் விரல் நுனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் ஆகிய திரவங்களில் இதைக் கரைத்து, நிறத்துக்கு வர்ணப் பொடியும், பளபளப்புக்குப் பிசினும், வெடிக்காமல் வளைந்து கொடுப்பதற்கு இளக்கும் பொருளும் சேர்க்கிறார்கள். நகத்தில் தடவியதும் அத்திரவங்கள் காற்றில் கலந்து மறைய, மெல்லிய ஏடு ஒன்று எஞ்சி நிற்கிறது. உப்பளத்தில் நீர் வற்றி உப்பு தங்குவது போன்றதே இந்நிகழ்ச்சி. நீர் விட்டால் அந்த உப்பு மறுபடி கரைந்துவிடுவதைப் போல, அசிட்டோன் நனைத்த பஞ்சைக் கொண்டு துடைத்தால் இந்த ஏடும் ஒரு நிமிஷத்தில் கரைந்து போகிறது.

ஜெல்லின் கதை முற்றிலும் வேறு. அதில் ஆவியாகிப் போக வேண்டிய திரவம் அநேகமாக இல்லை. அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் என்னும் வகுப்பைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகளும், அவற்றினும் பெரிய சங்கிலி மூலக்கூறுகளும், ஒளி பட்டவுடன் பிளவுறும் ஒரு தூண்டு பொருளும் அதில் கலந்திருக்கின்றன. கையை விளக்குக்குள் நீட்டியதும், 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள புற ஊதா, ஊதாக் கிரணங்கள் தூண்டு பொருளைத் தாக்க, அதிலிருந்து தெறிக்கும் தீவிரமான துண்டுகள் பக்கத்து மூலக்கூறுகளைப் பற்றி இணைக்க, இணைந்தவை மேலும் பலவற்றைப் பற்றிக்கொள்ள, ஒரு நிமிஷத்துக்குள் அந்தத் திரவம் முழுவதும் குறுக்கும் நெடுக்கும் பிணைந்த ஒரே வலைப்பின்னலாக உறைந்துவிடுகிறது. மேற்பரப்பில் மட்டும் காற்றிலுள்ள பிராணவாயு இவ்விணைப்பைத் தடுப்பதால் சிறிது பிசுபிசுப்பு எஞ்சும். பல ஜெல்களில் கடைசியில் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைப்பது அதற்காகத்தான். இவ்வாறு உறைந்ததை அசிட்டோன் கரைப்பதில்லை. ஊறச்செய்து உப்பவைத்து, பிடிப்பைத் தளர்த்துகிறது. பஞ்சும் அலுமினியத் தாளும் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்து, பிறகு சுரண்டியெடுக்க வேண்டும். அவசரப்பட்டு உரிப்பவர்கள் நகத்தின் மேலடுக்கையும் சேர்த்தே உரித்துவிடுகிறார்கள்.

ஜெல்லின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் மெருகு குலையாமல் நிற்பதும், விளக்கிலிருந்து எடுத்த கையை உடனே வேலைக்குப் பயன்படுத்த முடிவதும், வீட்டு வேலையும் அலுவலகமும் ஒருங்கே பார்க்கும் பெண்ணுக்குப் பேருதவி. ஆயினும் சரியாக உறையாத மெத்தாக்ரிலேட் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது என்று பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-ல் எச்சரித்தது. அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் ஆயுள் முழுவதும் நிற்கக்கூடியது. பல் அடைப்புக்கும், மாற்று மூட்டைப் பொருத்தும் சிமெண்டுக்கும் இதே குடும்பத்துப் பொருள்களே பயன்படுவதால், நகத்தோடு முடிந்துவிடுகிற விஷயமும் அல்ல அது. தூண்டு பொருள்களுள் ஒன்றாகிய டிபிஓ-வை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. விளக்கின் கிரணங்களைக் குறித்து, 2023-ல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், 20 நிமிஷம் கிரணம் பட்ட உயிரணுக்களில் 20 முதல் 30 சதவிகிதம் வரை மடிந்தன. அவை கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்கள். உயிருள்ள கையின் தோலுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், ஜெல்லை விலக்க வேண்டியதில்லை. ஆனால் வேறு வழியே இல்லாதபடி வாடிக்கையாளர்களை அதனிடம் தள்ளிவிடுவது முறையாகாது.

ஜொகூரைப் பொறுத்தவரை இக்காரணங்களைவிட வலுவானது வேறொன்று உண்டு: விரைவில் நீங்கிவிட வேண்டிய வர்ணத்துக்கு இங்கே தேவை அதிகம். இம்மாநிலத்துப் பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தொழுகைக்கு முன் ஒளு என்னும் அங்கசுத்தி செய்யும்போது நகத்தின் மீது நீர் பட வேண்டும் என்பது விதியாதலால், நீரைத் தடுக்கும் ஏடு அவர்களுக்கு ஆகாது. நீர் ஊடுருவும் என்று விளம்பரம் செய்து விற்கும் பூச்சுகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே விவாதம் இருந்து வருகிறது. ஆகவே தொழுகைக் கடமை இல்லாத மாதவிலக்கு நாட்களில் மட்டும் வர்ணம் பூசிக்கொண்டு, அந்நாட்கள் கழிந்ததும் துடைத்துவிடும் பெண்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு வாரம் நிற்கும் ஜெல்லால் என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரியில் பணிபுரியும் தாதியர், உணவுத் தொழிற்சாலைகளில் கையால் பொருளைத் தொட்டு வேலை செய்வோர் ஆகியோரின் நிலையும் இதுவே. சுத்தத்தை முன்னிட்டு வெறும் நகத்தோடுதான் அவர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பள்ளிச் சிறுமி ஒருத்தி அக்காளின் கல்யாணத்துக்காகச் சனிக்கிழமை வர்ணம் பூசிக்கொண்டால், திங்கட்கிழமை அதன் சுவடு இல்லாமல் வகுப்புக்குப் போக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிற நோயாளியிடம் நகப்பூச்சை எடுத்துவிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கும் கருவி விரல் நுனி வழியாகச் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் செலுத்திப் பார்ப்பதால், கருமையான வர்ணங்கள் அதன் கணக்கைப் பிசகச் செய்யக்கூடும்.

மருதாணிக்கு இந்தத் தொல்லைகளுள் சில இல்லை. மலாய்க்காரர் இனாய் என்று வழங்கி, கல்யாணத்துக்கு முன் இரவில் மணமகளின் விரல் நுனிகளில் இடுவதும், தீபாவளி நெருங்கும்போது உங்கு புவான் சாலைப் பக்கத்தில் நம் பெண்கள் கைநீட்டி இட்டுக்கொள்வதும் ஒரே செடியின் இலைதான். அதிலுள்ள லாசோன் என்னும் சாயம் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துவிடுவதால் மேலே ஏடு எதுவும் படிவதில்லை, ஒளுவுக்கும் தடையில்லை. ஆனால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே வளர்வதால், அச்சாயம் முழுவதும் நீங்க ஆறு மாதம் ஆகும். திங்கட்கிழமைக்குள் போக வேண்டியவளுக்கு அதுவும் உதவாது.

புட்டிப் பூச்சைக் கைவிட்டால் அதைத் தீட்டும் வித்தையும் போய்விடும் என்பதே எனக்கு மிகுந்த கவலை தருவது. விளக்கில் காட்டும் வரையில் ஜெல் உறையாது. பிசகினால் சாவகாசமாகத் திருத்தலாம். பூச்சோ தூரிகை பட்ட கணத்திலிருந்தே உலரத் தொடங்குகிறது. நடுவில் ஒரு தீட்டு, இருபுறமும் ஒவ்வொன்று, நக வேரின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி, கடைசியில் நுனி விளிம்பை மூடும் ஒரு தடவல் என்று சில விநாடிகளுக்குள் முடித்தாக வேண்டும். பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கிலுள்ள இவ்வூரின் ஈரக்காற்றில் இவ்வேலை இன்னும் கடினம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்தால், வர்ணம் வெளுத்து மங்கிப்போகும். மரச்சாமான்களுக்கு இதே மெருகைப் பூசுவோர் மழைநாளில் அஞ்சுவதும் இதற்குத்தான். கனமாக ஒருமுறை பூசாமல், மெல்லியதாக இருமுறை பூசி, இடையில் காத்திருக்கும் பொறுமையே அதற்குப் பரிகாரம். இந்தக் கைப்பழக்கம் நக ஒப்பனையாளரின் தொழிலுக்கு அஸ்திவாரம். ஜெல்லை மட்டும் பயின்றவருக்கு அது தானாக வருவதில்லை.

ஆகையால் புட்டிப் பூச்சைக் கைவிடலாகாது. அதற்காகக் கடைக்காரர்கள் ஐம்பது நிறங்களை அடுக்க வேண்டியதில்லை. அடிக்கடி கேட்கும் பத்துப் பன்னிரண்டு நிறங்கள் போதும். வாடிக்கையாளர் நாற்காலியில் அமர்ந்ததும், என்ன நிறம் என்பதற்கு முன்பாக, இந்த வர்ணம் எந்த நாளில் போக வேண்டும் என்று கேட்டு, ஒரு வாரத்துக்குள் என்று பதில் வந்தால் புட்டியை எடுக்கலாம். புட்டியின் கழுத்தை ஒவ்வொரு முறையும் துடைத்து இறுக மூடி, எளிதில் தீப்பற்றும் பொருளாதலால் வெப்பத்துக்கு எட்டாமல் வைத்து, கெட்டிப்பட்டால் அசிட்டோனை ஊற்றிக் கெடுக்காமல் பியூட்டைல் அசிடேட் கலந்த இளக்கியைச் சில துளி விட்டு உருட்டினால், ஒரு புட்டி நெடுங்காலம் உழைக்கும்.