உங்களுக்குத் தெரியுமா? கிழட்டு முயலும் மன்னார் இலையானும்

வீட்டில் நன்றாகப் பார்க்கப்படும் முயல் 8 முதல் 12 வருடம் வரை வாழும். 6 வயது தாண்டினாலே அது முதிய முயல். ஆகக் கூடிய வயதுக்குப் பெயர் பெற்ற முயல், 1964இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிடிபட்ட ஃப்ளொப்சி. அது 18 வயதும் 10 மாதமும் கண்டது. நம்மவர்களில் பலருக்கு முயல் வளர்ப்பு என்றால் இறைச்சிதான் நினைவுக்கு வரும். அதனால் கிழட்டு முயலைக் கண்டவர்களே குறைவு. ஆறு வயதுப் பிள்ளை அழுது கேட்டதென்று வாங்கிக் கொடுத்த குட்டி, அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதுதான் நடை தளர்ந்து கிடக்கும். கவனிப்பு மிகவும் தேவைப்படும் அந்தக் காலத்தில்தான் கூட்டுப் பக்கம் போக வீட்டில் ஒருவருக்கும் நேரம் இருப்பதில்லை.

★

முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். கூட்டுக்கு அடியில் நாம் கூட்டி அள்ளும் உருண்டையான காய்ந்த புழுக்கை ஒன்று. மற்றது திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்டு வரும் மென்மையான கழிவு. இதை நாம் காண்பது அரிது. ஏனென்றால் அது வெளியே வரும்போதே முயல் குனிந்து வாயால் எடுத்து விழுங்கிவிடும். அருவருக்க வேண்டாம். குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கிய புரதமும் பி விற்றமின்களும் அதில்தான் இருக்கின்றன.

முதுகெலும்பும் இடுப்பும் தேய்ந்த கிழட்டு முயலால் அப்படிக் குனிய முடியாது. உடம்பு பெருத்த முயலாலும் முடியாது. பாண், பிஸ்கற், பழம் என்று இனிப்பும் மாவும் கூடத் தின்றதென்றால் கழிவு இளகிவிடும், முயலும் அதைத் தொடாது. எப்படியானாலும் அது வாலின் கீழ் மயிரில் ஒட்டிக் காய்கிறது. "முயல் ஊத்தையாகிவிட்டது" என்று வீட்டில் சொல்வது இதைத்தான். முயல் பூனையைப் போலத் தன்னை ஓயாமல் நக்கித் துப்புரவாக வைத்திருக்கும் பிராணி. அதன் பின்புறம் அழுக்கானால், எங்கோ வலிக்கிறது, உடம்பு பெருத்துவிட்டது அல்லது சாப்பாடு சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

★

அந்த ஊத்தையை நம்மைவிட முதலில் கண்டுபிடிப்பது இலையான். மன்னார்க் கரையில் பேசாலையானாலும் வங்காலையானாலும் தாழ்வுபாடானாலும், கருவாடு காயும் இடத்தில் மினுங்கும் பச்சை இலையானைக் காணாதவர் இல்லை. மீனில் முட்டை இடும் அதே வகை இலையான்தான் நனைந்து நாறும் முயல் மயிரிலும் இடுகிறது. முட்டைகள் பச்சரிசிக் குறுநொய் போல வெள்ளையாய், கொத்தாய் இருக்கும். நம் வெக்கைக்கு ஒரு நாள் ஆவதற்கு முன்னரே புழுவாகிவிடும். அந்தப் புழு தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். முயல் சத்தம் போடாது. ஒரு மூலையில் குந்தியபடி இருக்கும். நித்திரை கொள்கிறது என்று நினைத்துவிடுவோம்.

எங்கள் வீட்டு வெள்ளை முயலுக்கு இப்போது எட்டு வயது. காலையில் தேத்தண்ணி குடித்த கையோடும், பின்னேரம் விளக்கு வைப்பதற்கு முன்னரும் பழைய சாரம் ஒன்றை மடியில் விரித்து அதைத் தூக்கி வைத்துப் பார்க்கிறோம். வாலைத் தூக்கி, தொடை மடிப்பை விரித்து, மயிரைப் பிரித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். போன வருடம் ஒரு பின்னேரம் வாலடியில் நொய் போல நாலைந்து தெரிந்தன. சீப்பால் வாரி எடுத்தோம். அடுத்த நாள் காலைவரை விட்டிருந்தால் அவை புழுவாகியிருக்கும்.

புழுவைக் கண்டால் முயலைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடியே வைத்தியரிடம் கொண்டு ஓட வேண்டும். அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடக் கூடிய காரியமல்ல இது.

★

முயலைக் குளிப்பாட்டக் கூடாது. பயத்திலேயே அது அதிர்ச்சிக்குப் போய்விடும். அடர்ந்த மயிர் காயவும் நேரம் எடுக்கும், அதற்குள் உடம்பு குளிர்ந்து போகும். அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, மெல்லத் துடைத்து, உடனே துவாயால் ஒற்றிக் காயவைத்தால் போதும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் சவர்த்தண்ணீர்தான். புண் இருக்கும் இடத்தில் அது எரியும், ஆகவே குடிக்கிற தண்ணீரையே எடுங்கள். சவர்க்காரம் வேண்டாம். முகப்பவுடரும் வேண்டாம், அந்தத் தூசு மூச்சுக்குள் போகும். காய்ந்துபோன ஊத்தைக்குச் சோளமாவைத் தூவி விரலால் உதிர்த்தாலே பாதி போய்விடும். சிக்குப்பிடித்த மயிரைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள். முயல் தோல் கடதாசி போல மெல்லியது, மயிரோடு சேர்ந்து அதுவும் வெட்டுப்படும்.

★

பின்புறம் துப்புரவாக இருந்தும் நாற்றம் வருகிறதா? பிறப்புறுப்புக்கு இரு பக்கமும் தோல் மடிப்பில் இரண்டு சிறு பைகள் இருக்கின்றன. வாசனைச் சுரப்பிகளின் கபில நிற மெழுகு அங்கே சேர்ந்து கட்டியாகும். ஈரப் பஞ்சால் மாதம் ஒருமுறை எடுத்துவிடலாம்.

★

மன்னார்ப் பற்றைக்குள் பாய்ந்தோடும் காட்டு முயலும் நம் கூட்டு முயலும் வேறு வேறு இனம். காட்டு முயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூட்டு முயலின் குட்டி வெறும் உடம்போடு கண்மூடிப் பிறக்கும். கூட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தில் மண்ணைத் தோண்டி, பகல் வெயிலைக் குளிர்ந்த வளைக்குள் கழித்தவை. அந்தப் பிராணியைத் தகரக் கூரையின் கீழே கம்பிக் கூட்டில் வைத்திருக்கிறோம். முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். 30 பாகை செல்சியஸை நெருங்கினாலே அது தவிக்கத் தொடங்கும், கிழட்டு முயல் இன்னும் முன்னதாகவே. மன்னாரில் வருடத்தின் பல மாதங்களில் பகல் வெக்கை அந்த 30ஐத் தாண்டும்.

தகரத்தின் மேல் கிடுகு போடுங்கள். போத்தலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி, கூட்டுக்குள் கிடத்திவிட்டால் அது தானாக வந்து சாய்ந்துகொள்ளும். காதை ஈரக் கையால் தடவிவிடலாம். ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றக் கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி என்பதால் கூட்டின் வாயைக் காற்றுக்கு மறுபக்கம் திருப்பி வையுங்கள்.

★

நாய், பூனைக்கு இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தென்ற தசை இல்லை, மயிர் மட்டுந்தான். கம்பித் தரையில் வருடக் கணக்காக நின்றால் குதிக்காலில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து புண்ணாகும். சாக்கும் அதன் மேல் காய்ந்த புல்லும் போட்டு, நனைந்ததும் மாற்றுங்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிடிவாதத்துக்குச் சொல்வார்கள். குதிக்கால் புண்ணான முயல் மெய்யாகவே மூன்று காலில் நிற்கும்.

★

முயலின் சிறுநீர் சிவந்திருந்தால் இரத்தம் என்று அலறத் தேவையில்லை. தின்ற இலையைப் பொறுத்து மஞ்சள் முதல் செங்கல் நிறம் வரை மாறும். ஆனால் கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு 4 வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணம். சிறுநீரில் திட்டுத் திட்டாக இரத்தம் கண்டால் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். வெள்ளைக் களி போல வந்தால் அது கல்சியம். முருங்கையிலை சத்தானதுதான், கல்சியமும் அதில் அதிகம். கிழட்டு முயலுக்கு ஓரிரு இணுக்குக்கு மேல் கொடுக்காதீர்கள். அதன் சாப்பாடு புல். அறுகோ கினிப்புல்லோ கழுவித் தாராளமாகப் போடுங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும், புல்லை அரைத்தால்தான் அது தேயும்.

★

இரண்டு மருந்துகளின் பெயரை மனதில் வைத்திருங்கள். நாய்க்கு உண்ணி போக்கப் பிடரியில் விடும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும். வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலினை வாயால் கொடுத்தாலும் அப்படித்தான், குடலில் நல்ல கிருமிகள் செத்து, நஞ்சு பெருகிவிடும். மூட்டு வலிக்கு மெலொக்சிகாம் போன்ற மருந்துகள் உண்டு. அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கால்நடை வைத்தியர்களிடம் பெரும்பாலும் ஆடும் மாடும் நாயும்தான் வரும் என்பதற்காக முயலைக் கொண்டுபோகத் தயங்க வேண்டாம். காதைப் பிடித்துத் தூக்காமல், ஒரு கையை நெஞ்சுக்கும் மறு கையைப் பின்புறத்துக்கும் கொடுத்துத் தூக்குங்கள். பின்புறம் தொங்கினால் அது திமிறி உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறியக் கூடும்.

★

முயலால் வாந்தி எடுக்க முடியாது. அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் ஓய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.

★

மன்னார் நகரத் தெருக்களில் வாகனம் மோதிக் காயப்பட்ட கழுதைகளைப் பராமரிக்க ஒரு சிகிச்சை நிலையமே இங்கு உண்டாகியிருக்கிறது. பொதி சுமந்த காலம் போய், ஒருவருக்கும் உதவாது என்று கைவிடப்பட்ட பிராணிகள் அவை. கழுதைக்கு இவ்வளவு செய்த ஊர் இது. கூட்டு முயலுக்குத் தேவை நாளுக்கு நாலு நிமிடம், ஒரு பழைய சாரம், கொஞ்சம் பஞ்சு. இன்று பின்னேரம் உங்கள் முயலை மடியில் வைத்து, வாலைத் தூக்கி ஒருமுறை பாருங்கள்.