பேச்சும் படவில்லையும்

வானொலியில் பேசுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அதனோடு ஒரு குறையும் உண்டு. கேட்பவர்களின் கண்ணைப் பற்றி அவன் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கண்ணின் உதவியும் அவனுக்குக் கிடைப்பதில்லை. மேடையில் பேசுகிற மாணவரின் நிலை வேறு. அவருக்குப் பின்னால் ஒரு வெண்திரை இருக்கிறது. அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் பக்கத்தை ஸ்லைடு என்கிறோம். தமிழில் படவில்லை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கண்ணில் படவில்லை’ என்று சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது. இக்காலத்து ஸ்லைடுகள் பலவற்றைப் பார்க்கையில், இந்த இரண்டாவது பொருளே மிகப் பொருத்தமென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முற்காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் தீட்டி, அதனை விளக்கொளியால் சுவரில் விழச் செய்தார்கள். மாய விளக்கு என்று அதற்குப் பெயர். ஒரு தகடு செய்வதற்கு உழைப்பும் பொருளும் வேண்டியிருந்தன. ஆகவே எதைத் தீட்டுவது, எதை விடுவது என்று முன்கூட்டியே யோசித்தார்கள். 1987ஆம் ஆண்டில் பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. இன்று ஒரு பக்கம் செய்யக் காசு செலவில்லை. செலவில்லாத இடத்தில் சிக்கனம் ஏது? பேச வேண்டியது முழுவதையும் திரையில் எழுதிவிட்டு, அவையோருக்கு முதுகைக் காட்டி நின்று படிக்கிறார்கள்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கள்ளக்குறிச்சியில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடறியும். அதன் பின்னர் அவ்வட்டாரத்துக் கல்லூரி மாணவர் சிலர், கல்வராயன் மலை ஊர்களில் இந்த நஞ்சைப் பற்றி எடுத்துச் சொல்வதென்று முடிவு செய்து, ஒத்திகை பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். நல்ல நோக்கம், உழைப்பிலும் குறையில்லை. ஆனால் அவர்களது முதல் ஸ்லைடில் பதினான்கு வரிகள் இருந்தன. மெத்தனாலின் வேதியியல் வாய்பாடு முதல் வரி. கல்லீரலில் அது முதலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறுவது அடுத்த சில வரிகள். அந்த அமிலம் பார்வை நரம்பைக் கெடுப்பது அதற்கும் கீழே. பன்னிரண்டாம் வரியில், ஏனையவற்றினும் சிறிய எழுத்தில், “உடனடி சிகிச்சை அவசியம்” என்று இருந்தது. இதற்கு எதிரே, துணியால் மூடிய உடல்கள் வரிசையாகக் கிடக்கும் படம்.

எல்லாம் உண்மைதான். எனினும் கேட்க வரப்போகும் தாய்க்கும் தமையனுக்கும் உயிர் காக்கப் பயன்படும் செய்தி எது? மெத்தனால் குடித்தவருக்கு முதலில் சாதாரண போதை மட்டுமே தெரியும். கொடிய குறிகள் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழித்தே தோன்றும். ‘தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்’ என்று வீட்டார் காத்திருப்பதற்கு இதுவே காரணம். நஞ்சு அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறையும் உண்டு. நேரம் கடந்தால் இவற்றின் பயன் குறைந்துகொண்டே போகும். ஆகையால் பன்னிரண்டாம் வரியே முதல் வரியாக, ஏன், ஒரே வரியாக இருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தை மாணவர்களே பிரித்து எழுதினார்கள். முதல் ஸ்லைடில் சொல்லே இல்லை. ஒரு மலைப்பாதையின் படம் இருமுறை: இடப்பக்கம் தெளிவாக, வலப்பக்கம் பனிமூடியது போல மங்கலாக. நஞ்சுண்டவனின் கண் காண்பது எத்தகையது என்பதை வாய் எத்தனை சொன்னாலும் விளக்காது; அந்தப் படம் நொடியில் விளக்கிவிட்டது. அடுத்ததில், “குடித்தவருக்கு வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் கண்டால் காத்திராதீர், 108” என்று மட்டும் எழுதினார்கள். அப்போது மலையூர் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, எங்கள் பக்கம் செல்பேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடங்கள் உள்ளன, எண் மட்டும் போதாது” என்றாள். அந்தப் பெண் சொன்னதே அன்றைய ஒத்திகையின் சிறந்த திருத்தம் என்பேன். ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும் வழியைக் காட்டும் எளிய வரைபடம் மூன்றாவது ஸ்லைடாயிற்று. வேதியியல் செய்தி பேச்சாளரின் வாய்க்குப் போயிற்று; கேட்டால் சொல்லலாம். உடல்களின் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவையில் உறவினரை இழந்தவர் இருக்கலாம் என்பது ஒரு காரணம். அச்சுறுத்தும் படம் கண்ணை மூடவைக்குமே அன்றி, செய்ய வேண்டியதைச் சொல்லாது என்பது மற்றொன்று.

முக்கியமானதை அடியில் புதைப்பது நம் மாணவரிடம் மட்டுமே உள்ள பழக்கமன்று. 2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, நுரைக்காப்புத் துண்டொன்று பெயர்ந்து அதன் இடது இறக்கையைத் தாக்கிற்று. ஓடம் விண்ணில் இருக்கையிலேயே பொறியாளர்கள் அதனை ஆராய்ந்து ஸ்லைடுகளாக மேலதிகாரிகள் முன் வைத்தார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு ஆறுதல் தரும் தோரணையில் இருந்தது. கடைசி வரிகளில், சிறிய எழுத்தில், சோதனைக்கு எடுத்த துண்டு 3 கன அங்குலம், தாக்கிய துண்டோ 1920 கன அங்குலம் என்ற செய்தி கிடந்தது. பிப்ரவரி 1ஆம் நாள் ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். அந்த ஒரு பக்கத்தால்தான் விபத்து நேர்ந்தது என்று சொல்வது மிகை. ஆயினும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அப்பக்கத்தைத் தனியே எடுத்துக் காட்டிக் குறை கூறியது. எட்வர்ட் டப்டி என்னும் அமெரிக்க அறிஞர் அதனை வரிக்கு வரி பிரித்து ஆராய்ந்திருக்கிறார்.

தமிழில் ஸ்லைடு எழுதுவோர்க்குச் சில தனிக் கவலைகள் உண்டு. ஒரு வரிக்கு ஆறு சொல் என்று ஆங்கில நூல்கள் கூறும் கணக்கு நமக்கு ஒத்துவராது. ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல்லே பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். மூன்று நான்கு சொற்களே நமக்கு ஒரு வரி. அடுத்தது புள்ளி. கடைசிப் பெஞ்சில் இருப்பவருக்குப் புள்ளி தெரியாவிட்டால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். எனவே தடித்த எழுத்தும், வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளியும் வேண்டும். மலைப் பள்ளி அறைகளில் சன்னல் வழியே வெயில் திரையில் விழும். அங்கே வெளிர்மஞ்சளும் இளநீலமும் மறைந்துபோகும். வெண்மையில் கறுப்பே நிலைக்கும். எழுதியதும் அறையின் கடைசி மூலையில் போய் நின்று நீங்களே படித்துப் பாருங்கள்.

வரலாற்று மாணவருக்கும் ஒரு சொல். கல்வராயன் மலையில் மூன்று ஜாகீர்களின் ஆட்சி 1976ஆம் ஆண்டு வரை நீடித்தது. இதைப் பத்து வரியில் எழுதுவதைக் காட்டிலும், மலையின் வரைபடத்தில் மூன்று பகுதிகளைத் தீட்டி மேலே ‘1976 வரை’ என்று எழுதினால் போதும். நாடு விடுதலை பெற்ற பிறகும் இத்தனை ஆண்டுகளா என்ற கேள்வியை அவையோரே எழுப்புவார்கள். அதற்கு விடை சொல்லத்தானே நீங்கள் நிற்கிறீர்கள்?

இன்னொன்று: உங்கள் கணினியில் அழகாக இருந்த தமிழ் வேறொரு கணினியில் கட்டங்களாகவும் பொருளற்ற குறிகளாகவும் மாறக்கூடும். யூனிகோட் எழுத்துருவில் எழுதி, பி.டி.எப். வடிவிலும் ஒரு படி கையில் வைத்திருங்கள். மின்சாரம் நிற்கிற ஊர்களுக்குப் போகிறவர்கள், முக்கியமான இரண்டு ஸ்லைடுகளைப் பெரிய தாளில் வரைந்து சுருட்டி எடுத்துச் செல்வது நல்லது. அந்த மாணவர்களும் மலையேறியபோது அப்படித்தான் செய்தார்கள்.