மேசைமேற் புகையிரதமும் கைக்கடங்கும் கமராவும்

புகையிரதம் எமது கரைக்கு வந்ததில்லை. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை அடைந்த இருப்புப்பாதை அங்கேயே முடிவுற்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது வாழ் சிறுவர் புகையிரதத்தைக் காண விரும்பின் கல்லடிப் பாலங் கடந்து செல்லல் வேண்டும். ஆதலின், மேசைமேல் மாதிரிப் பாதை அமைத்து, அதில் ஓடும் வண்டியிற் சிறு கமராவை ஏற்றிப் படம் பிடிக்கும் முயற்சியை நாம் வீண் விளையாட்டென்று கருதோம். வாராத வண்டியில் ஏறிச் செல்ல அதுவும் ஒரு வழி.

மாதிரிகளுட் பெருவழக்கானது 'எச்.ஓ.' அளவு, மெய்யுருவின் 87இல் ஒரு பங்கு. 1998இல் புனே நகரிலே திறக்கப்பட்ட ஜோஷியின் சிற்றுருப் புகையிரதக் காட்சிச்சாலையும், 2001இல் ஹம்பர்க் நகரிலே தொடங்கிய 'மினியேச்சர் வுண்டர்லாந்து'ம் இவ்வளவினவே. பின்னதிலே கூகிள் நிறுவனத்தார் சின்னஞ்சிறு கமராக்களை வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாகப் படம் பிடித்து, 2016இல் உலகோர்க்குக் காட்டினர்.

பள்ளியில் நாம் வெறுத்த விகிதக் கணக்கு இங்கே கைகொடுக்கின்றது. சாகச விளையாட்டினர் தலைக்கவசத்தில் மாட்டும் கமரா ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் அகலமுடையது. அதனை 87ஆற் பெருக்கின் 6 மீற்றர் ஆகும். அத்துணை அகன்ற பெட்டியை எந்தச் சுரங்கம் ஏற்கும்? 2015இல் வெளிவந்த 'கோப்ரோ செஷன்' 38 மில்லிமீற்றர்ச் சதுரம், பெருக்கினால் 3.3 மீற்றர். இந்திய அகலப்பாதைப் பெட்டியின் அகலமும் ஏறக்குறைய அதுவே. எனவே, மாதிரிப் பாதைக்குச் சதுரக் கமராவே ஏற்றது.

வேகத்திலேதான் பலர் தவறுகின்றனர். மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடும் வண்டியின் மாதிரி, நொடிக்கு 19 சென்ரிமீற்றர் ஊர்ந்தாற் போதும். அதனை மிஞ்சின், படத்தில் இரும்பின் கனம் தோன்றாது. விளையாட்டுப் பொருளே தோன்றும். இக்கமராக்களின் குவியம் மாற்ற இயலாதது. கண்ணாடிக்கு மிக அண்மையிலுள்ளவை மங்கும். ஆதலாற் பாதையோரத்து மரங்களையும் கம்பங்களையுஞ் சற்றே விலக்கி நடுதல் நன்று. எமது நாட்டு மின்சாரம் 50 சுழற்சியது. குழல் விளக்கின் கீழ்ப் படம் பிடிப்போர் ஒளிபடு நேரத்தை நொடியில் 50இல் அல்லது 100இல் ஒரு பங்காக வைத்தால் ஒளித் துடிப்பு அடங்கும்.

கமராவை ஏற்றுமுன், அதன் அளவில் ஓர் அட்டைப் பெட்டி செய்து, வண்டியில் வைத்துப் பாதை முழுவதும் கையால் தள்ளிப் பார்த்தல் வேண்டும். அப்பெட்டியை மறந்தமையாலேயே எமது முதற்பயணம் இரண்டாவது பாலத்தின் வளைவில் மோதி முடிந்தது.