சங்க வண்டிக்கு மாற்றுப் பாட்டரி

சங்கத்து வண்டி விடியற்காலையில் கிளம்ப மறுத்தால் நட்டம் பாட்டரியின் விலையோடு நிற்பதில்லை. மயிலாப்பூருக்குச் செல்லவேண்டிய கீரைக்கட்டுகள் வெயில் ஏறுமுன் வாடிவிடும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் தியாகராய நகர்க் கடைக்குச் சேரவேண்டிய சேலைப் பொதி ஒரு நாள் தாமதித்தால் அன்றைய விற்பனை போயிற்று. ஆதலால் காரியதரிசிகளும், சொந்த வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்களும் இவ்விஷயத்தில் சிறிது கவனம் செலுத்த வேண்டுகிறோம்.

குற்றம் பாட்டரியினுடையதுதானா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். முனைகளில் பூத்த களிம்பும், தளர்ந்த ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் எத்தனையோ நல்ல பாட்டரிகளுக்கு அவப்பெயர் தேடித் தந்துள்ளன. இஞ்சின் ஓடுகையில் முனைகளில் அளந்தால் சாதாரணமாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காணவேண்டும். அதற்குக் குறைந்தால், புதிதாக வாங்குவதும் பழையதன் கதியையே அடையும். அடையாறு, மந்தைவெளி, பாண்டி பஜார் என்று கடைக்குக் கடை நின்று சரக்கு இறக்கும் வண்டிக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் செலவாகும் மின்சாரத்தை அதன் குறுகிய ஓட்டம் ஈடுசெய்வதில்லை. காஞ்சீபுரத்திலிருந்து ஒரே ஓட்டமாக வரும் வண்டிக்கு இக்குறை கிடையாது.

பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1859-இல் கண்ட ஈய அமிலப் பாட்டரியே இன்றும் பெரும்பாலான வண்டிகளைக் கிளப்பி வருகிறது. அவர் நாட்டில் பாட்டரிக்குப் பகை உறைபனி, சென்னையிலோ வெயில். உஷ்ணம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பர். உபயோகிக்காமல் கடை அலமாரியில் கிடந்தாலும் அது தானே சக்தி இழந்து, தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெடும்.

எனவே, வாங்குவோர் விளம்பரப் பெயரைக் காட்டிலும் உற்பத்தித் தேதியையே முக்கியமாகக் கருதவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். தேதி குறியீடாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரையே விளக்கச் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குக. மூன்று மாதத்திற்கு உட்பட்டது உத்தமம். ஆறு மாதம் கடந்ததை வேண்டாமென்று கூறத் தயங்க வேண்டியதில்லை. இணைப்பின்றி அளக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறைந்ததையும் ஏற்கலாகாது. ஆம்பியர்-மணி அளவும், முனைகள் அமைந்த பக்கமும் வண்டிக் கையேட்டில் கண்டபடியே இருத்தல் அவசியம்.

உத்தரவாதச் சீட்டில் பெரிய எழுத்தில் காணும் மொத்த மாதங்களைக் கண்டு மயங்கலாகாது. அவற்றுள் இலவசமாக மாற்றித் தரும் காலம் எவ்வளவு, விலையில் தள்ளுபடி மட்டும் தரும் காலம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். வாடகைக்கும் வியாபாரத்திற்கும் ஓடும் வண்டிகளுக்குச் சில சீட்டுகளில் காலம் குறைக்கப்பட்டிருக்கும். சங்க வண்டி அவ்வகையில் சேருமா என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிக.

பழைய பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. 2001-ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு விதிகளும் அதனை முறையாகத் திருப்பி ஒப்படைக்கக் கோருகின்றன. நடைபாதைக் காயலான் கடைக்குப் போட்டால் அமிலம் சாக்கடையில் ஊற்றப்படும். கடைக்காரர் பழையதற்குக் கழித்துத் தரும் தொகை பில்லில் தனி வரியாக வரவேண்டும். அவ்வரி இல்லாத பில்லைத் தணிக்கையின்போது காண நேர்ந்தால், பழைய பாட்டரி எங்கே என்று நாம் கேட்கவே செய்வோம்.