குறட்டை: காரணங்களும் கையாளும் முறைகளும்

குறட்டை என்பது தூங்கும்போது மூச்சு சென்றுவரும் வழி குறுகுவதால், அங்குள்ள மென்மையான பகுதிகள் அதிர்ந்து எழுப்பும் ஒலி. இது தனியொரு நோய் அன்று. ஆனால் சிலரிடம் ஒரு நோயின் அறிகுறி. நம் வீடுகளில் குறட்டையை அசந்து தூங்குவதன் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். "நல்லாத் தூங்குறார், எழுப்பாதீங்க" என்பார்கள். கும்பகர்ணன் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் உரத்த குறட்டை விடுபவர்களில் பலர் இரவு முழுவதும் படுத்திருந்தும் சரியாகத் தூங்குவதே இல்லை.

ஒலி எழும் விதம்

மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரையுள்ள தொண்டைப் பகுதியை விறைப்பாக வைத்திருக்க எலும்போ குருத்தெலும்போ இல்லை. தசைகளே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூக்கத்தில் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் சரிகிறது. குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாயும். வேகம் கூடுமிடத்தில் அழுத்தம் குறையும் என்பது பள்ளி இயற்பியலில் வரும் பெர்னோலி தத்துவம். அழுத்தம் குறையும்போது தொண்டையின் சுவர்கள் உள்ளே இழுபட, மென்னண்ணமும் உள்நாக்கும் படபடக்கின்றன. அதுவே குறட்டை.

இளநீர்க் கடையில் தரும் காகித உறிஞ்சுகுழல் நனைந்து தளர்ந்தபின் வேகமாக உறிஞ்சினால், குழல் ஒட்டிக்கொண்டு இளநீர் வராது. சிலருடைய தொண்டையும் தூக்கத்தில் இப்படி முழுவதும் ஒட்டிக்கொள்கிறது.

மூச்சு நிற்கும் குறட்டை

அந்த நிலைக்குத் தடைவகைத் தூக்க மூச்சுத்திணறல் என்று பெயர். மருத்துவமனைகளில் ஸ்லீப் அப்னியா என்பார்கள். உரத்த குறட்டை திடீரென நின்றுவிடும். மார்பும் வயிறும் அசையும், காற்று மட்டும் உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை ஒரு கணம் விழித்துத் தசைகளை இறுக்க, பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் இதற்கு ஒரே சாட்சி.

மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு நிகழ்வாகக் கணக்கிடப்படுகிறது. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் உள்ளவரின் தூக்கம் சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கலைகிறது. காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகல் முழுவதும் அசதி, எரிச்சல், மறதி ஆகியவை பின்தொடர்கின்றன. உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

இது அரிய நோயும் அன்று. மும்பையில் நடுத்தர வயது ஆண்களிடம் நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பகல் தூக்கத்தோடு கூடிய தூக்க மூச்சுத்திணறல் 7.5 விழுக்காட்டினரிடம் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மறைந்தபோது, காரணங்களில் ஒன்றாக மருத்துவர்கள் இதைக் குறிப்பிட்டார்கள். நாடு முழுவதும் பலர் இந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

ஏலகிரி அடிவாரத்தில்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இதைத் தனியாகப் பேசக் காரணம் உண்டு. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை இந்த ஊர்களின் வழியேதான் செல்கிறது. தோலும் காலணியும் ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன. தோல் தொழிற்சாலைகளில் பெரிய உருளைகளும் அறுக்கும், தேய்க்கும் இயந்திரங்களும் இயங்குகின்றன. தூக்க மூச்சுத்திணறல் உள்ள ஓட்டுநர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரு மடங்குக்கும் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் விழிப்பாகவே இருப்பார். கண் அயர்வது பெரும்பாலும் திருப்பமே இல்லாத நேர்சாலையில், விடியலுக்குச் சற்று முன்புதான்.

பகலில் தூங்கி வழிபவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஜோலார்பேட்டையில் அதிகாலையில் புறப்படும் ஏலகிரி விரைவு ரயிலில் உட்கார்ந்தபடியே குறட்டை விடுபவர்களில் பலருக்குக் குறை தூக்க நேரத்தில்தான். ஒரு வாரம் போதுமான நேரம் தூங்கியும் அசதி தீராவிட்டால்தான் ஐயப்பட வேண்டும்.

தோலைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவுகளில் எழும் தூசு மூக்கை உறுத்தும். மூக்கடைப்பு குறட்டையைக் கூட்டும். தோல் தூசு மூக்குப் பகுதியில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. எனவே அங்கே பல ஆண்டுகள் வேலை செய்தவருக்கு ஒரு பக்க மூக்கடைப்பு நீடித்தாலோ இரத்தம் கசிந்தாலோ, குறட்டையைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

மலைக்குச் சுற்றுலா வந்து தங்குபவர்கள் "இங்கே வந்ததும் குறட்டை கூடிவிட்டது" என்பதுண்டு. சுமார் 1,100 மீட்டர் உயரம் அதற்குப் போதாது. குளிரில் மூக்கு அடைப்பது, மது, ஒரே அறையில் பலர் படுப்பதால் காதில் விழுவது என்று காரணம் வேறாக இருக்கும்.

யாருக்கு வருகிறது

உடல் பருமனும் தடித்த கழுத்தும் முதன்மைக் காரணங்கள். கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் சிறிய கீழ்த்தாடை உள்ள ஒல்லியானவர்களுக்கும் வரும். மது, தூக்க மாத்திரை, புகை, தைராய்டு குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இது கூடுகிறது. வெட்கத்தால் பெண்கள் இதை வெளியில் சொல்வதில்லை. கணவரின் குறட்டை வீட்டில் வேடிக்கையாகிறது, மனைவியின் குறட்டை மறைக்கப்படுகிறது. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்கும் குறட்டையை, குறிப்பாக இரத்த அழுத்தம் கூடியிருந்தால், மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

குழந்தைகளின் குறட்டைக்குப் பெரும்பாலும் அடினாய்டு, டான்சில் வீக்கமே காரணம். வாயைத் திறந்தபடி தூங்குவது, படுக்கையை நனைப்பது, வகுப்பில் தூங்கி விழுவது அல்லது ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுப்பது இதன் அடையாளங்கள். சோம்பேறி, அடங்காதவன் என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் இரவில் மூச்சுக்குத் தவிப்பவர்கள். 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் நடத்தையும் தூக்கமும் மேம்பட்டன. ஆனால் கவனத்திறன் தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு தென்படவில்லை.

கையாளும் முறைகள்

மூச்சு நிற்காத எளிய குறட்டைக்கு ஒருக்களித்துப் படுத்தல், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துதல், மது தவிர்த்தல், மூக்கடைப்புக்குச் சிகிச்சை ஆகியவை பலருக்குப் போதும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே இரவு உணவை முடித்துக்கொள்வதும் நல்லது. இதற்காக ஆம்பூர் பிரியாணியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, மதியம் சாப்பிடலாம். எடையை 10 விழுக்காடு குறைத்தால் மூச்சு நிற்கும் எண்ணிக்கை ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது. கடைகளில் விற்கும் மூக்குக் கவ்விகள், தொண்டைத் தெளிப்பான்கள் மூச்சுத்திணறலைக் குணமாக்குவதில்லை. வாயில் நாடா ஒட்டிக்கொண்டு தூங்குவது மூக்கு அடைத்திருப்பவருக்கு ஆபத்து.

மூச்சு நிற்பவருக்கு முதன்மையான சிகிச்சை சிபாப் கருவி. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை ஒட்டாமல் இது பிடித்து வைக்கிறது. முகமூடி உறுத்துகிறது என்று ஒரு வாரத்தில் பெட்டிக்குள் வைத்துவிடுபவர்கள் ஏராளம். அளவு சரியான முகமூடியும் ஈரப்பதம் தரும் இணைப்பும் இருந்தால் பெரும்பாலோர் பழகிக்கொள்கிறார்கள். இலேசான நிலையில் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல்கருவி உதவும். அறுவை சிகிச்சை தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டுமே.

எது எளிய குறட்டை, எது நோய் என்று உறுதி செய்வது தூக்க ஆய்வுதான். ஓரிரவு மூளை அலைகள், மார்பின் அசைவு, மூக்கின் காற்றோட்டம், ஆக்சிஜன் அளவு ஆகியவை பதிவாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவ்வசதி உண்டு. சிறிய கருவியை வீட்டுக்கே கொண்டுவந்து செய்யும் முறையும் இப்போது பரவியுள்ளது. மருத்துவரிடம் செல்லும்போது தனியாகப் போகாமல், அதே அறையில் தூங்குபவரை அழைத்துச் செல்வது பயன்தரும். அது முடியாவிட்டால், நள்ளிரவுக்குப் பின் அவர் கைபேசியில் எடுத்த 5 நிமிடக் காணொளியே போதும். குறட்டை எங்கே நிற்கிறது, எத்தனை விநாடிக்குப் பின் தொடங்குகிறது என்பதை மருத்துவர் அதிலேயே பார்த்துக்கொள்வார்.