சொகுசு வண்டியும் மலைச்சாலையும்

நெடும்பயணத்துக்கென்றே அமைந்த மோட்டார் சைக்கிள்களுள் அமெரிக்க நாட்டு வண்டிகளுக்குத் தனிப்பெயர் உண்டு. அகன்ற இருக்கை, தாழ்ந்த உடல், பாதத்தை முழுமையாக ஊன்றத்தக்க பலகை, இரு மருங்கிலும் பெட்டிகள் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். அவை தரும் சொகுசு எவ்வாறு பிறந்தது, நம் ஊவா மலைச்சாலைகளில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பவற்றைச் சற்றே ஆராய்வோம்.

1901இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 'இந்தியன்' நிறுவனமும், 1903இல் மில்வாக்கி நகரில் 'ஹார்லி டேவிட்சன்' நிறுவனமும் தோன்றின. அந்நாளில் அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகள் பெரும்பாலும் மண்சாலைகளே. ஊருக்கும் ஊருக்கும் இடையிலான தூரமோ மிகப் பெரிது. குலுக்கலைத் தாங்கும் வழியைத் தேடுவது வண்டி செய்வோருக்குக் கடமையாயிற்று. 1912இல் ஹார்லி நிறுவனம் இருக்கையின் கீழ்த் தண்டினுள் வில்சுருளைப் பொருத்தியது. 1949இல் முன்சில்லுக்கு எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் தாங்கி வந்தது. 1958இல் பின்சில்லுக்கும் அதுபோன்றது அமைந்தது. 1965இல் பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் 'எலெக்ட்ரா கிளைட்' வெளிவந்தது. ஆகவே இச்சொகுசு ஒரே நாளில் வந்ததன்று. தீய சாலையோடு அரை நூற்றாண்டுக்கு மேல் நிகழ்ந்த போராட்டத்தின் பயனாகும்.

இதன் தத்துவம் எளிது. 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டியின் சில்லு ஒரு குழியில் விழும்போது, வில்லின்மேல் இருக்கும் பேருடல் எளிதில் அசையாது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைவெளி நீண்டிருப்பதால் முன்பின்னான ஆட்டமும் குறையும். 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இரட்டைச் சிலிண்டர் யந்திரம் மெதுவாகச் சுழலும்போதே போதிய இழுவிசை தருவதால், அடிக்கடி கியர் மாற்றவும் தேவையில்லை.

நேரான பெருஞ்சாலையில் நன்மை பயக்கும் இப்பண்புகள் மலையில் எதிராகத் திரும்புகின்றன. எல்லவிலிருந்து வெல்லவாய வரையுள்ள சாலை, 30 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்துள் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. இறங்கும் வண்டியின் ஆற்றலிற் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. சுமை இரட்டித்தால் அவ்வெப்பமும் இரட்டிக்கும். மிகையாகச் சூடேறிய பிரேக் தன் பிடியை இழக்கும். ஆதலால் மலைச்சரிவில் தாழ்ந்த கியரில் இட்டு, யந்திரத்தின் தடையையே துணையாகக் கொண்டு இறங்குதல் வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி யந்திரத்தை நிறுத்திவிட்டு உருளவிடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். கொண்டையூசி வளைவுகளில் நீண்ட வண்டியைத் திருப்புவதும் கடினம்.

ஊவாத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் புதிய பொருளன்று. 1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்த பின்னரும், நிலையத்திலிருந்து தோட்டம் செல்ல மலைப்பாதையே வழியாயிற்று. அப்பாதைகளில் சின்னத்துரைமார் ஏறிவந்தவை பெரும்பாலும் பீ.எஸ்.ஏ., நோர்ட்டன் போன்ற பிரித்தானிய வண்டிகள். பெரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளருக்கு அவற்றின் ஓசை அதிகாரத்தின் வருகையை அறிவிக்கும் ஓசையாயிருந்தது. அக்காலத் தோட்டச் சாலைகள் ஸ்டோருக்கும் பங்களாவுக்குமாகவே வகுக்கப்பட்டன. லயங்களுக்குச் சென்றவை பெரும்பாலும் ஒற்றையடிப் பாதைகளும் கற்படிகளுமே. நோயாளியைத் தோளிற் சுமந்தே சாலைக்குக் கொணர வேண்டியிருந்தது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இன்று பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதிகளின் லயங்களிலேயே மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. இவை 100 முதல் 150 கன சென்ரிமீற்றர் வரையுள்ள சிறு வண்டிகள். பெரிய அமெரிக்க வண்டியின் எடையில் பாதியும் இல்லாதவை. மழையில் சேறான பாதையில் சறுக்கினாலும் ஒருவர் காலூன்றித் தாங்கிவிடலாம். விழுந்தாலும் தூக்கி நிறுத்தலாம். வேலைக்குச் செல்லும் இளைஞனையும், ஆஸ்பத்திரிக்குச் செல்லும் தாயையும் சுமப்பவை இவையே.

ஆயினும் பின்னிருக்கையில் அமரும் கருவுற்ற பெண்ணுக்கு, வண்டியின் சிறு வில் மட்டும் காப்பாகாது. குழியை நிரப்புதல், மழைநீர் வழிந்தோடக் கான் வெட்டுதல், வளைவில் தடுப்புச் சுவர் எழுப்புதல் ஆகியவையே அவளுக்கு உண்மையான சொகுசு. அமெரிக்க வண்டியில் வில்லும் எண்ணெயும் செய்த தொண்டின் பெரும்பகுதியை இங்கே சாலையே செய்தாக வேண்டும். பிரதேச சபையும் தோட்ட நிர்வாகமும் 'அது உங்கள் சாலை' என்று ஒன்றையொன்று சுட்டி நிற்கும் இடத்தில், எத்தகைய உயர்ந்த வண்டியும் பயன்படாது.

பெருவண்டியின் வரலாற்றைப் போற்றுவோம். அதன் கம்பீரத்தை வியப்போம். அதைப் படைத்தோர் முதலில் கேட்ட கேள்வியையும் மறவாதிருப்போம். ஏறிச் செல்பவரின் உடல் நோகாமல் ஊர் சேர்ப்பது எவ்வாறு என்பதே அக்கேள்வி. லயத்திலிருந்து புறப்படும் பயணிக்கும் அதற்கு விடை பெறும் உரிமை உண்டு.